ஓடுதளத்தில் காயும் மல்லாட்டை

திண்டிவனம் போகும் வழியில் பஸ் டயர் வெடித்து நிற்கிறது. சாலையோரத்தில், யுத்தம் முடிந்ததும் பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன விமானத் தளம். இறங்கி நடக்கிறேன். சிமெண்டுச் சூடு செருப்பைத் தாண்டி ஏறுகிறது. ஓடுதளத்தின் நடுவே பந்தல் போட்டு ஊர்க்கூட்டம். இந்த இடத்தில் சர்க்கரை ஆலைதான் வரவேண்டும் என்று ஒருவர் கத்துகிறார். காலேஜ்தான் என்று இன்னொருவர் மேல்துண்டை உதறுகிறார். நாட்டு முன்னேற்றத்தைப் பேசுகிறவர்களின் காலடியில் யாருடைய மல்லாட்டையோ நசுங்குகிறது.

மிதிபடாத மிச்ச வேர்க்கடலையை ஒரு பெண் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"காயப்போட ஊரில் களம் இல்லையாம்மா?"

"இருக்குதுங்க. சேரிக்காரங்கள அதுல கால் வைக்க உடமாட்டாங்க. இது பட்டாளத்துத் தரை. இங்க காயப்போட்டுக்கினு இருந்தா யாரும் ஏன்னு கேக்கறதில்ல."

"இதைக் கூட்டத்தில் சொல்லக் கூடாதா?"

"எங்கள யாரு சார் கூப்ட்டாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்குள் பந்தலில் கைதட்டல். சர்க்கார் ஒரு முடிவுக்கு வரும்வரை ஓடுதளம் முழுவதும் ஊர்ப் பொதுக் களமாக இருக்கட்டும் என்கிறார் தலைவர். இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றவர்கள் கொஞ்சமும் கூசாமல் ஒரே குரலில் ஆமோதிக்கிறார்கள்.

அவள் சாக்கை உதறி, ஈரம் போகாத மல்லாட்டையை அள்ளத் தொடங்குகிறாள். ஏனம்மா என்கிறேன்.

"காதுல உழலீங்களா? பொதுக் களம்னுட்டாங்களே."