மணல் மூட்டை ஏற்றிய வண்டி

சொட்டு என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தோடு சரி. டீசல் பிக்கப்பின் பின்னால் டிரெய்லரைப் பூட்டி, துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டறைக்கு மீன்பிடிப் படகுகளை இழுத்துப் போவதுதான் தொழில். மற்றவர்கள் இரண்டு நடை அடிக்கிற டீசலில் இவர் மூன்று நடை அடித்துவிடுவார். ஒரு சொட்டும் வீணாகாது என்பதால்தான் அந்தப் பட்டப்பெயர்.

அதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. காலையில் டயர் சூடேறுவதற்கு முன்னாலேயே காற்று பார்ப்பார். டிரெய்லர் சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். படகின் கனம் பின்பக்கம் சாயாமல் கொஞ்சம் முன்னுக்கு இருக்கும்படி வைத்துக் கட்டுவார். மேட்டில் வண்டியை முக்கவிடாமல் முன்னதாகவே கியரைக் குறைப்பார். முன்னால் போகிறவனுக்கும் தனக்கும் நடுவில் ஒரு பஸ் நுழைகிற அளவு இடம் விட்டே ஓட்டுவார். "பிரேக்கை மிதிச்சா அதுவரைக்கும் எரிச்ச டீசல் அத்தனையும் வீண்" என்பார். ரயில்வே கேட்டில் எஞ்சினை முதலில் அணைக்கிற ஆளும் அவர்தான்.

அந்தப் பேரில் பாதி அவர் மனைவிக்குச் சேரவேண்டியது. கல்யாணமான புதிதில் ஒருநாள் கூட வந்தவள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள். படகின் மேல் போட்ட தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, பின்னாடி பாராசூட்டைக் கட்டிக்கிட்டு ஓட்டுனா வண்டி குடிக்காம என்ன பண்ணும்?"

அவள் தையல்காரி. மறுநாளே படகை அளவெடுத்து, உடம்போடு ஒட்டினாற்போல ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். வண்டி குடிப்பது குறைந்தது. அதன்பிறகு ஒவ்வொரு அளவுப் படகுக்கும் ஓர் உறை. "ஊர்ல எல்லாரும் மனுஷனுக்குச் சட்டை தைக்கிறாங்க, நான் படகுக்குத் தைக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்புதான் சத்தம்.

முதுகுவலி என்றுதான் ஆரம்பித்தது. குனிந்து தைக்கிறதால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். கடைசியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது, புற்று எலும்புவரைக்கும் போயிருந்தது. வாராவாரம் வரச் சொன்னார்கள்.

முதல் தடவை வாடகைக் காரில் போனார்கள். டிரைவர் அவசரக்காரன். அவன் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இறங்கும்போது உதட்டில் ரத்தம். "அடுத்த வாரம் உங்க வண்டியிலயே போயிடலாங்க" என்றாள்.

ஆனால் அவர் வண்டி பாரம் இழுக்கப் பிறந்தது. வெறுமனே போனால் பின்பக்கம் குதிரைபோலக் குதிக்கும். எவ்வளவு பதமாக ஓட்டியும், ஒரு வேகத்தடையில் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு வருஷத்தில் அவர் கேட்டிராத சத்தம்.

மறுநாள் விடிந்ததும் மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றார். மெக்கானிக் வேறு யாருமில்லை, அவள் தம்பிதான்.

"மாப்ளே, பின்னாடி ஸ்பிரிங்ல ரெண்டு பட்டையைக் கழட்டிடு."

"கழட்டிட்டு எதை வெச்சுப் படகு இழுப்பீங்க மாமா? பாரம் ஏத்துனாத்தான் இந்த வண்டி சாதுவாகும். வெறும் வண்டி இப்படித்தான்."

சொட்டு வண்டியின் பின்பக்கத்தைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு மணல் வாங்கக் கிளம்பிவிட்டார்.

தேவையில்லாத ஸ்பேனரைக்கூட வண்டியில் வைக்காத மனுஷன், பின்பக்கம் நிறைய மணல் மூட்டை அடுக்கினார். டயரில் காற்றைக் குறைத்தார். மருந்துச் சூட்டில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்ததால் ஏசியை நிறுத்தவே இல்லை. ஆஸ்பத்திரிக் கூடத்துப் பெஞ்சில் அவளால் உட்கார முடியாது. அதனால் அவள் முறை வரும்வரைக்கும், நிறுத்திய வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாகச் சேர்த்த வித்தையை ஒவ்வொன்றாக அவரே கழற்றிப் போட்டார். பிரேக்கை மிதிக்காத வித்தை ஒன்றுதான் மிச்சம். அது அவள் முதுகுக்கு ஆகி வந்தது.

மூட்டைகளை அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"அது என்னங்க பின்னாடி?"

"மணல். பட்டறையில கேட்டாங்க."

"போன வாரமும் இருந்துச்சே."

"அவங்க இன்னும் எடுத்துக்கல."

கொஞ்சதூரம் போனபின், "சொட்டுன்னு பேரு வெச்சவங்க இதைப் பார்த்தா பேரைத் திருப்பிக் கேப்பாங்க" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் கியர் மேல் இருந்த அவர் கையின்மேல் கையை வைத்தாள். கியர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கையும் கூடவே போய்க் கூடவே வந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம். டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "இனிமே அலைக்கழிக்க வேண்டாம், வீட்லயே வெச்சுப் பார்த்துக்குங்க" என்றார். வெளியே வந்து அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். அவளே, "போதும்னு சொல்லிட்டாங்களா? நல்லது, வாங்க போகலாம்" என்றாள்.

திரும்பும் வழியில் அவள் தூங்கிப்போனாள். வலிநிவாரணி கொடுத்தும் பல நாளாகக் கண்மூடாதவள், நெற்றிச் சுருக்கமெல்லாம் விரிந்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கினாள். வீட்டு வாசல் வந்தது. நிறுத்தினால் முழித்துக்கொள்வாள். அவர் நிறுத்தவில்லை. துறைமுகம்வரை போனார். உப்பளத்துச் சாலையில் திரும்பினார். அங்கிருந்து கால்வாயோரமாக வந்து, வீட்டைத் தாண்டி மறுபடி துறைமுகத்துக்கே போனார். தெருவில் நின்ற அவள் தம்பி கையைக் காட்டினான். உள்ளே பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான். டீசல் முள் சிவப்பைத் தொட்டது. போகிற இடம் என்று ஒன்று இல்லாமல் அவர் வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான். பங்க்கில் டீசல் போட நிறுத்தியபோது அவள் கண்ணைத் திறந்தாள்.

"வீடு வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல. நீ தூங்கு."

அடுத்த மாதம் பிறப்பதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

சொட்டு சில வாரம் வண்டியைத் தொடவில்லை. பிறகு தொட்டார்; தொழில் அது ஒன்றுதானே. பட்டறைக்குப் போகும் பெரிய சாலை ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகும். அவர் அந்தப் பக்கம் போவதில்லை. படகை இழுத்துக்கொண்டு கால்வாயோரமாக ஊரையே சுற்றிப் போகிறார்.

"அண்ணே, ஏன் இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீங்க?" என்று ஒரு படகுக்காரர் கேட்டார்.

"அந்த ரோடு சரியில்ல" என்றார்.

ஒருநாள் ஷெட் லீவு. மச்சினனும் கூட ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனை வந்தது. வண்டி கால்வாய்ப் பக்கம் திரும்பியது. அவன் ஏனென்று கேட்கவில்லை. கொஞ்சதூரம் போனபின், "மாமா, முன்னாடி ஒரு டீக்கடை இருக்கு. நிறுத்துங்க" என்றான். இரண்டு பேரும் இறங்கி டீ குடித்தார்கள்.