தாடி வைத்த விளக்கு

சுவிஸின் ஊஸ்டரில் எங்கள் கீழ்வீட்டு யோகராஜா அண்ணைக்கு 'மாட்டன்' என்ற சொல் வாயில் வராது. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். அங்கே யார் லீவு எடுத்தாலும் அவர்தான் நிற்பார். கட்டில் தூக்க, சுவருக்குப் பெயின்ற் அடிக்க, பிள்ளை பார்க்க, எதைக் கேட்டாலும் "ஓம், அதுக்கென்ன!"

எண்பத்தேழாம் ஆண்டு நவம்பரில் ஒருநாள் மத்தியானம் ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு வந்தார். நான் அவர் மனைவி தில்லைநாயகி அக்காவோடு குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சாக்கை அவிழ்த்ததும் பாதி ஊதாவும் பாதி வெள்ளையுமாக, தேங்காய்ப் பருமனில் கிழங்குகள் உருண்டோடின.

"ரேபெலியெக்ட்லி," என்றார்.

இருட்டினதும் கிண்டர்கார்டன் பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள். ஆளுக்கொரு ரேபெலியெக்ட்லி, அதாவது கிழங்கைக் குடைந்து செய்யும் விளக்கு, வேண்டும். குடைய நேரமில்லாத பெற்றோருக்கு யார் உதவுவது என்று மகள் இந்திராவின் ஆசிரியை கேட்டிருக்கிறா.

"நீங்கள் ஓம் எண்டிட்டியள்," என்றா அக்கா.

"அவ சிரிச்சுக்கொண்டெல்லோ கேட்டவ."

"இருட்ட முதல் முடியாட்டி அவ்வளவு பிள்ளையளும் வெறுங்கையோட நிண்டு அழும். அப்பவும் சிரிப்பாவோ?"

அண்ணையின் முகம் சுருங்கிவிட்டது. கரண்டியால் குத்தினார். கரண்டி வளைந்தது. கிழங்கு அப்படியே இருந்தது.

அக்கா கட்டிலுக்கடியிலிருந்து தேங்காய் திருவலையை இழுத்து வந்தா. "பிளேனில இரும்பு கொண்டந்த விசரி எண்டு சிரிச்சியளே? ஏறி இருங்கோ!"

அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கர்ர், கர்ர்! கிழங்குப்பூ அவர் மீசையில், யன்னல் சீலையில், என் பின்னலில் எல்லாம் பறந்தது. நான் கத்தி நுனியால் தோலில் நிலவும் நட்சத்திரமும் சீவினேன். அக்கா கயிறு கட்டினா. வயிறு நோகச் சிரித்தோம்.

கடைசிக் கிழங்கு இந்திராவுக்கு. வேலை முடியுதென்ற புளுகத்தில் அண்ணை போட்ட வேகத்தில் அடி பிய்ந்து, அவர் விரல் மறுபக்கத்தால் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த இந்திராவின் உதடு பிதுங்கியது. எனக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் வராது. குப்பை வாளிக்குள் கிடந்த, குடுமியுள்ள சின்னப் பாதிச் சிரட்டையைக் கழுவி உள்ளே வைத்து அழுத்தினேன். ஓட்டை அடைபட்டது. குடுமி மட்டும் கீழே தொங்கியது.

"அப்பா, என்ர விளக்குக்குத் தாடி!"

ஊர்வலத்தில் ஒரு பிள்ளையும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆனால் எல்லாரும் இந்திராவின் பின்னால்தான் ஓடினார்கள். ஆசிரியை குனிந்து தாடியைத் தடவிப் பார்த்துவிட்டு அண்ணையிடம் கேட்டா: "அடுத்த வருசம் எல்லா விளக்குக்கும் இப்படிச் செய்யலாமா?"

அக்கா அவர் காலை மிதித்தா. அண்ணை வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் வாயில் 'ஓம்' வராததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"யா, யா!" என்று அவர்களின் பாஷையில் 'ஓம்' சொல்லும் ஒரு குரல் கேட்டது.

அது அக்காவுடையது.