வீடு வீடாகப் போன குரல்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாக்காளர் அட்டையைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. தெருவில் பால் குடிக்கிற பிள்ளை தவிர எல்லோருக்கும் அவர் 'மைக்' அண்ணன்தான். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து, ஊரெல்லாம் பேசிக்கொண்டே போவது அவர் தொழில். துணிக்கடைத் தள்ளுபடி, தண்ணீர் வராத நாள், காணாமல் போனவரின் அடையாளம் என்று எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். தேர்தல் வந்துவிட்டால் காலையில் ஒரு கட்சி, மாலையில் அதை எதிர்த்து நிற்கும் கட்சி.

"காலைல திட்டினவரையே சாயங்காலம் புகழ்றீங்களே, நாக்கு கூசலையாண்ணே?" என்று யாராவது சீண்டினால், "கூசுறதெல்லாம் சும்மா இருக்கிற நாக்குக்குப்பா" என்பார். கடிதத்தில் இருப்பதற்குத் தபால்காரர் பொறுப்பா என்பது அவருடைய நியாயம். அதை வைத்துக்கொண்டு நன்றாகவே தூங்கினார்.

அவருடைய அக்கா கொஞ்ச தூரத்தில், ரயில் பாதையை ஒட்டிய வீட்டு வரிசையில் இருந்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பட்டன் வைக்கிற மிஷின் வேலை. புருஷன் போன பிறகு ஒரே மகளை வளர்த்து, கைக்கு வந்தபோதெல்லாம் நாலு செங்கல் வாங்கி, அறை அறையாகக் கட்டிய வீடு அது. மாடிக்குப் படி கட்டிவிட்டாள். மாடி இன்னும் வரவில்லை. படி ஏறினால் நேரே ஆகாயம். "எங்க அக்கா சொர்க்கத்துக்கே படி கட்டிட்டா" என்று அவர் கிண்டல் செய்வார்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய கம்பெனி குடோன் கட்டியது. போனில் தட்டினால் மறுநாள் வாசலுக்குச் சாமான் வந்து நிற்கிற வியாபாரம். அதை எல்லாக் கட்சியும் கைதட்டி வரவேற்றது. அக்கா மகளுக்கே அங்கே பார்சலில் கோடு கோடாக இருப்பதை ஸ்கேன் செய்கிற வேலை கிடைத்தது. பிறகுதான் லாரி போக அகலமான ரோடு வேண்டும் என்றார்கள். ரோடு நேராக அந்த வீட்டு வரிசையின் மேல் வந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று ஒரு விசாரணை நாள் குறித்தார்கள். வரிசையில் இருந்த பெயின்டர் வீடு வீடாகப் போய், "ஒருத்தர் விடாம போய் நிக்கணும். கூட்டத்தைப் பார்த்தாத்தான் பயப்படுவாங்க" என்று எல்லோரையும் சேர்த்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து இடைத்தேர்தல் வந்தது.

ஆளுங்கட்சியின் தேர்தல் அலுவலகம் காலியாகக் கிடந்த ஒரு கட்டில் மெத்தைக் கடையில் இருந்தது. மைக் அண்ணன் வழக்கம்போல் வேலை கேட்டுப் போனார். இந்த முறை ஆட்டோ வேண்டாம் என்றார்கள். கம்ப்யூட்டர் பார்க்கிற இளைஞன் ஒருவன், மிச்சமிருந்த மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, மதியம் முழுக்க வாசிக்கச் சொன்னான். அக்கா, அண்ணே, அம்மா, ஐயா, தங்கச்சி. பிறகு ஊரில் உள்ள பெயர்கள். பிறகு அர்த்தமில்லாத வாக்கியங்கள்.

"இது எதுக்கு தம்பி?"

"உங்க குரலை மிஷின் கத்துக்கும்ணே. அப்புறம் நீங்க வீட்ல குறட்டை விட்டாலும் அது ஓட்டுக் கேட்டுக்கிட்டிருக்கும்."

"அப்ப என் தொண்டைக்கு ரிட்டயர்மென்ட்டுன்னு சொல்லு!" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். வீட்டில் மனைவியிடமும் அப்படியே பீற்றிக்கொண்டார். மிஷின் என்னென்ன பேசும் என்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

"டேய், வயித்துல பாலை வார்த்தேடா. உன் போன் வந்துச்சு. பக்கத்து வீடு, எதிர் வீடு, எல்லாருக்கும் பேரைச் சொல்லிப் பேசினியாமே! அதுசரி, என்னை என்னடா 'வாங்க போங்க'ன்னு மரியாதையெல்லாம் பண்றே?"

"என்னக்கா சொன்னேன்?"

"மறந்துட்டியா? 'உங்க வீட்டை யாரும் தொட மாட்டாங்கக்கா, விசாரணைக்கெல்லாம் அலைய வேண்டாம், நான் பொறுப்பு'ன்னியே."

அது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள், "நம்மைப் பெத்தவங்க இருந்திருந்தா இன்னைக்குப் பூரிச்சுப் போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் சொல்லாமலே போனை வைத்தார்.

நேரே மெத்தைக் கடைக்குப் போனார். "தம்பி, வீட்டைத் தொட மாட்டாங்கங்கறது நிஜந்தானா?"

இளைஞன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது மேலிடத்துல எழுதி வர்றதுண்ணே. எனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்று அவன் சொன்ன விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பெயின்டர் டீக்கடையில் கையைப் பிடித்து நிறுத்தினார். "வாங்கண்ணே! இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் பேசினீங்க, இப்பத்தான் எங்களுக்குன்னு பேசியிருக்கீங்க. நாளைக்கழிச்சு எல்லாரும் லீவு போட்டுட்டுப் போறதா இருந்தோம். நீங்களே பொறுப்புன்னு சொன்னப்புறம் எதுக்கு வீணா ஒரு நாள் கூலியை விடணும்?"

சுற்றி இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் அவர் டீக்கும் சேர்த்துச் சொன்னார். இருபது வருஷமாக அந்தக் கடையில் அவருக்கு யாரும் எழுந்து இடம் கொடுத்ததில்லை. 'அது நான் பேசலைப்பா, மிஷின். நீங்க கட்டாயம் போங்க' என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். சொன்னால் ஏமாந்தவன் என்று சிரிப்பார்கள். கொடுத்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டிவரும்.

"நல்லதே நடக்கும்" என்று மட்டும் சொன்னார். இதை மிஷின் சொல்லவில்லை. அவர் வாயால் அவரே சொன்னார்.

விசாரணைக்கு நாலைந்து பேர்தான் போனார்கள். பெரும்பாலானோருக்கு ஆட்சேபம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். கட்சி ஜெயித்தது. மழைக்காலம் முடிந்ததும் இடிக்கிற வண்டிகள் வந்தன. அக்காவின் வீட்டில் சுவரெல்லாம் போன பிறகும் படிக்கட்டு மட்டும் சற்று நேரம் நின்றது. வண்டிக்காரர் ஒரு பீடியைப் பிடித்து முடித்துவிட்டு அதையும் தள்ளினார்.

வீடு போனவர்களுக்கு ஊர்க்கோடியில் ஒற்றை அறை வீடுகள் கொடுத்தார்கள். அங்கிருந்து வேலைக்குப் போய்வர முடியாது என்று அக்காவும் மகளும் மட்டும் மைக் அண்ணன் வீட்டு முன்னறைக்கு வந்தார்கள். அவள் ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. "கட்சிக்காரன் உன்னையும் ஏமாத்திட்டான், நீ என்ன பண்ணுவே" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். அது அவருக்குச் செருப்படியை விடக் கடுமையாக இருந்தது. சாப்பாட்டில் அவள் பக்கம் உட்காராமல் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார். குளித்தாலும் மேலெல்லாம் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நின்ற வாக்கிலேயே சொன்னார். "அக்கா, அன்னைக்குப் போன்ல பேசினது நான் இல்லை."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்டா."

"தெரியுமா?"

"என் தம்பி என்னை 'வாங்க'ன்னு கூப்பிடுவானா? கேட்டதுமே சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் உனக்கே போன் பண்ணிக் கேட்டேன். நீ இல்லைன்னு சொல்லலை. சரி, பேசினது எதுவா இருந்தாலும் விஷயம் உண்மைதான் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அப்படியானால் அவள் நம்பியது மிஷினை அல்ல. அவர் சும்மா இருந்ததை நம்பியிருக்கிறாள். மைக் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்னொன்றும் அவருக்கு அப்போது உறைத்தது. அந்த வாசகத்தை மிஷினுக்குப் பதில் அவரிடமே கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்? ஆட்டோவில் ஏறி, இன்னும் கொஞ்சம் உருக்கமாகவே வாசித்திருப்பார்.

அடுத்த வாரம் ஊர்க்கோடிக்குப் பஸ் ஏறினார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, அது தன் பேச்சில்லை என்பதையும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னார். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் பாதியிலேயே கதவைச் சாத்தினார்கள். பெயின்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்ப வந்து சொல்றது நீங்களா, மிஷினா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மைக் அண்ணனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

வீடு போனவர்கள் விடாமல் மனு போட்டு மேல் அதிகாரி முன் இன்னொரு விசாரணை வாங்கினார்கள். யாரும் கூப்பிடாமலே அவர் போனார். தன் முறை வந்ததும் எழுந்தார். மைக் இல்லாமல் பேசினால் அவர் குரல் அவ்வளவு ஒன்றும் பெரிதில்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

"ஐயா, விசாரணைக்கு வர வேண்டாம்னு இவங்களுக்குப் போன்ல போனது என் குரல். பொய்யா இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை. இவங்களுக்கு ஆட்சேபம் இல்லாம இல்லைங்கய்யா. என்னாலதான் வரலை."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அந்த இடத்துல வீடு இழந்தவரா?"

"இல்லைங்க."

"அப்ப உங்க பேச்சை எடுத்துக்க முடியாது. உக்காருங்க. அடுத்து யாரு?"

அவ்வளவுதான். அக்கா எழுந்து பேசினாள். பெயின்டர் பேசினார். பரிசீலிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு திரும்பக் கிடைக்கப்போவதில்லை. கொஞ்சம் பெரிய இடமாவது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

வெளியே வந்து எல்லோரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மைக் அண்ணன் வேண்டுமென்றே பின்தங்கி, செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் போல் குனிந்து நின்றார். பெயின்டர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே அங்க பண்றீங்க? பஸ் போயிடும்" என்று கத்தினார். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவர் ஓடிப்போய் ஏறி, காலியாக ஒரு இருக்கை இருந்தும் உட்காராமல், படிக்கட்டின் அருகிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.