இடது கன்னத்துக்குச் சாகாவரம்

"வாயை நல்லாத் திறங்க" என்றார் தஞ்சாவூர் டாக்டரம்மா.

"திறந்துதாங்க இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. நான் பேசி ஒருவர் சிரிக்காமல் இருப்பது எனக்குப் புதிது. வெற்றிலை, சீவல், புகையிலை மூன்றையும் இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஊரையே சிரிக்கவைத்தவன் நான். இப்போது அந்தக் கன்னத்தில் வெள்ளைப் படை. வாயும் திறக்க மறுத்தது. இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் தள்ளவேண்டும்.

கொஞ்சம் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"பாத்தா கேன்சர் மாதிரிதான் தெரியுதுங்க. சாதாரண செல்லு பெருகப் பெருக, குரோமோசோம் முனை தேஞ்சுகிட்டே வரும். ரொம்பத் தேஞ்சா நின்னுரும். கேன்சர் செல்லுல டெலோமெரேஸ்னு ஒரு என்சைம் அந்த முனையைத் திரும்பத் திரும்பக் கட்டிக் குடுத்துரும். அதனால நிக்காது. பக்கத்துத் தசைக்குள்ள நுழையறதுக்கும் அது ஒத்தாசை பண்ணுதுங்கறாங்க. உங்களுக்கு நுழைஞ்சிருச்சாங்கறதுதான் இப்பத் தெரியணும்."

"அறுவடையே இல்லாத பயிரு வரப்பைத் தாண்டிருச்சான்னு பாக்கணும். அதானங்க?"

"பயிரு இல்லைங்க, கோரை."

வீட்டில் சொல்லவில்லை. அந்த வாரம் திருக்கடையூரில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். எமனை விரட்டிய சாமியிடம் ஆயுள் கேட்டுக் குடும்பமே வரிசையில் நின்றது. அந்தக் கூட்டத்தில் சாகாவரம் வாங்கிமுடித்தது என் கன்னத்துக்குள் இருந்தது மட்டும்தான்.

பந்தி முடிந்து கைகழுவும்போது டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உள்ள நுழைஞ்சிருச்சுங்க. திங்கக்கிழமை வந்துருங்க, ஆபரேஷன் பத்திப் பேசணும்."

திரும்பினால், மாலையும் கழுத்துமாக அண்ணன். வாய் நிறைய வெற்றிலை, கையில் எனக்கென்று மடித்த இன்னொன்று. அன்றைக்கு மணமக்கள் கையால் தருவதை எங்கள் வீட்டில் யாரும் மறுப்பதில்லை.

"போட்டுக்கடா."

"விட்டுட்டேண்ணே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டாக்டர் வேணாம்னுட்டாங்க."

"கொழுந்தனாருக்கு ரெண்டு தடவை உபசாரம் பண்ணணுமாம்" என்றார் அண்ணி. சிரிப்பு கூடியது.

"கேன்சருண்ணே."

"நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சைப் பாரு" என்றார் அண்ணன், சிரித்தபடியே. அவர்மேல் தப்பில்லை. எவ்வளவு முயன்றும் என் குரல் அதே கேலிக் குரலாகத்தான் வந்தது.

செல்போன் டார்ச்சை எரியவிட்டு அவர் கையில் கொடுத்தேன். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடிந்த மட்டும் வாயைத் திறந்தேன். அடுத்த வேடிக்கைக்குத் தயாராக அவர் குனிந்தார். மாலை என் மூக்கில் இடித்தது.

"இன்னும் திறடா."

"அவ்வளவுதாண்ணே."

வெளிச்சம் கன்னத்தைவிட்டு நகரவில்லை. பிறகு அண்ணன் தன் வாயிலிருந்த வெற்றிலையை உள்ளங்கையில் துப்பிக்கொண்டார். புதுப் பட்டு வேட்டியோடு, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார்.