அஞ்சம்மாளின் சவுக்கும் மேகமில்லாத ஒரு நாளும்

அஞ்சம்மாளைக் கோபக்காரி என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தப் பெயர் வந்து அதிக நாளாகவில்லை. அதற்கு முன்பு அவர் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களில் ஒருவர், அவ்வளவுதான். பாத்தியில் குனிந்தால் நிமிரமாட்டார். கங்காணி ஏதாவது அசிங்கமாகப் பேசினால் மட்டும் கையிலிருக்கும் உப்பு வாரும் பலகையை ஒருமுறை ஓங்கிக் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். அவர் எதனால் கோபக்காரி ஆனார் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த நாட்களில் ஓர் ஆய்வுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்ததால், நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சுனாமியன்று கடல் முகத்துவாரம் வழியாகக் கழுவெளி என்ற உப்பங்கழிக்குள் ஏறி, அஞ்சம்மாள் வீட்டு மண்சுவரைக் கரைத்துவிட்டுப் போனது. மீனவக் குப்பங்களில் கணக்கெடுத்தார்கள், தற்காலிகக் குடியிருப்பு கட்டினார்கள். உப்பளத்து ஆட்கள் கேட்கப் போனபோது, “நீங்க கடலுக்குப் போறவங்க இல்லையே” என்று பதில் வந்தது. அஞ்சம்மாளும் அவர் கணவர் முருகையனும் கரையாமல் மிஞ்சிய பாதிச் சுவரின் மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டி அதனடியில் குடியிருந்தார்கள்.

அவர்களிடம் இருந்த ஒரே சொத்து, முருகையன் பங்குக்கு வந்த அரை ஏக்கர் மணல் நிலம். அதில் சவுக்கு வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் சவுக்கு என்பது காடு இல்லை, பயிர். நட்டு, குடத்தில் தண்ணீர் ஊற்றி வளர்த்து, நாலைந்து வருடத்தில் மொத்தமாக வெட்டிவிட்டு மறுபடி நடுவார்கள். அஞ்சம்மாளின் சவுக்கு அந்த வருடம் வெட்டுக்கு வந்திருந்தது. உப்பு வாருவது முடிந்ததும் வெட்டி, நல்ல கழிகளை வீட்டுக் கூரைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வியாபாரிக்குக் கொடுத்து அந்தப் பணத்தில் கீற்று வாங்குவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட வேண்டும்.

ஆடி மாதத்தில் நாங்கள் போய் இறங்கினோம். குழுவுக்குத் தலைவர் தேவநாதன், நல்ல படிப்பாளி, சாந்தமான மனிதர். கடற்கரை மரங்கள் எவ்வளவு கார்பனைத் தங்களுக்குள் சேர்த்து வைத்திருக்கின்றன, அலைக்குப் பிறகு அது கூடியதா குறைந்ததா என்று கண்டுபிடிப்பது வேலை. அலைக்கு முன்பு செயற்கைக்கோள் எடுத்த படம் கையில் இருந்தது. இன்னொரு படம் புதிதாக வரவேண்டும். தரையில் சில தோப்புகளை நாங்கள் நாடாவால் அளந்து, அந்த அளவைப் படத்தின் நிறத்தோடு பொருத்திப் பார்த்தால் மொத்தக் கரைக்கும் கணக்குப் போடலாம். அளந்த தோப்பு படம் வரும்வரை அப்படியே நிற்கவேண்டும். நின்றால்தான் பொருத்தம்.

இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவர் தெய்வசிகாமணி. அஞ்சம்மாள் வேலை செய்த உப்பளம் அவருடையது. அலைக்குப் பிறகு ஏற்படுத்திய கரைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். பால்வாடியில் எல்லோரையும் உட்காரவைத்து, “குறி போட்ட மரத்துல யாரும் கைவைக்கக் கூடாது. படம் வந்துட்டா அடுத்த வருஷம் கரை முழுக்கக் கன்னு நடுற வேல நம்ம ஜனத்துக்குத்தான். சரிதானே?” என்றார்.

சரி என்றார்கள். அஞ்சம்மாளைத் தனியாக யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவருடைய தோப்பில்தான் முதல் மரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம், அதுதான் அடர்த்தியாக இருந்தது.

“இன்னா சார், கோயில் தூணுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க?” என்றார் முருகையன்.

“படம் எப்போ புடிப்பீங்க?” என்று கேட்டார் அஞ்சம்மாள்.

“ஆவணிக் கடைசியில் ஒரு நாள் செயற்கைக்கோள் இந்தப் பக்கமா வருதும்மா. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்” என்றார் தேவநாதன்.

“மழைக்கு முன்னாடி கூரை போடணும் சார்.”

“கண்டிப்பா.”

அந்த நாள் வந்தது. சொல்லிவைத்திருந்ததால் ஊரே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு ரேணுகா, “படம்னா மூஞ்சி கழுவிக்கினு நிக்கணுமா, இப்படியே நிக்கலாமா?” என்று கேட்க, “உன் மூஞ்சியப் பாத்தா அது கீழ வுழுந்துடும், உள்ள போ” என்றார் முருகையன். அன்று முற்பகல் கடலிலிருந்து கனத்த மேகம் ஏறி வந்து உப்பளத்தின் மேல் நின்றுகொண்டது. சாயங்காலம் தேவநாதன் வந்து, மேகத்தின் வழியாக அந்தக் கோளால் பார்க்க முடியாது, மூன்று வாரத்துக்கு மேல் கழித்து அது மறுபடி இதே இடத்துக்கு வரும், அதுவரை பொறுக்கவேண்டும் என்றார்.

அஞ்சம்மாள் பொறுத்தார். அடுத்த முறையும் மேகம். அதற்குள் வியாபாரி இருமுறை ஆள் அனுப்பிப் பார்த்தான். “நீ எப்ப வெட்டுவ, நான் எப்ப வண்டி ஓட்டுவேன்? மழ புடிச்சிட்டா மணல்ல டிராக்டர் எறங்காது” என்று சொல்லிவிட்டு, கீழ்புத்துப்பட்டுப் பக்கம் வேறு தோப்பு பேசிக்கொண்டு போய்விட்டான்.

“மேகம் எனக்கு இன்னா சொந்தக்காரனா சார், போன்னு சொன்னா போறதுக்கு?” என்று தேவநாதனிடம் கேட்டார் அஞ்சம்மாள். அதுதான் நான் கேட்ட முதல் கோபம். “நீங்க மேகத்தக் கேக்கல, என்னக் கேக்குறீங்க. பொறு, பொறுன்னு.”

“இன்னும் ஒரே தடவைம்மா.”

ஐப்பசி பிறந்ததும் மழை இறங்கியது. அந்த வருடத்து மழையைத் தமிழ்நாடே மறந்திருக்காது. ஒரு பகலில் காற்று தார்ப்பாயைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவெளியில் போட்டது. அரிசி, துணி, பாய் எல்லாம் நனைந்தன. மிச்சச் சுவரும் உட்கார்ந்தது. முருகையனும் அஞ்சம்மாளும் ரேணுகா வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய் நின்றார்கள்.

மழை சற்று விட்டதும் அஞ்சம்மாள் கோடாரியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனார். செய்தி எங்களுக்கு வந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள், மஞ்சள் பெயின்ட் அடித்த மரங்களில் பல கீழே கிடந்தன. வெட்டும் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. தெய்வசிகாமணியின் பேச்சை மீறி வரமாட்டார்கள். அஞ்சம்மாள் வெட்ட, முருகையன் கிளை கழித்துக்கொண்டிருந்தார். வரப்பில் ஊர்ப் பெண்கள் நின்றார்கள்.

“உன் ஒருத்தியால எங்க எல்லார் வேலையும் போவுதுடி!” என்று கத்தினாள் ரேணுகா.

“உன் மாட்டோட மூத்திரத்துல நான் நிக்கிறேன். நீ வேலயப் பத்திப் பேசுற.”

தெய்வசிகாமணி குடையோடு வந்தார். “ஏம்மா, ஊர் கூடிப் பேசுனது உனக்குப் பேச்சாத் தெரியலயா?”

“பேசுன ஊரு எல்லாத்துக்கும் கூரை இருக்குது மொதலாளி.”

“கோடாரியக் கீழ போடு. அப்புறம் தை மாசம் என் பாத்தியில கால் வைக்க முடியாது.”

அஞ்சம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த மரத்தில் வெட்டினார். அது சாய்கிற பக்கத்திலிருந்து முதலாளி குடையை மடக்காமலே ஓடினார். யாருக்கும் சிரிக்கத் துணிச்சல் வரவில்லை. அளந்த தோப்பு போனதில் தேவநாதனுக்கு வருத்தம். ஆனால் அதைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கழிகளைத் தலையில் சுமந்தே கொண்டுபோனார்கள். பச்சைக் கழி, உளுத்துப்போகும் என்று தெரிந்தேதான் ஏற்றினார்கள். கீற்றுக்குப் பணமில்லாததால் பாதிக் கூரைக்குப் பனையோலை. கார்த்திகையில் மறுபடி மழை அடித்தபோது ஒரு மூலை மட்டும் ஒழுகியது.

பொங்கல் கழித்து வானம் துடைத்துவிட்டாற்போலத் தெளிந்தது. படம் கிடைத்தது. தேவநாதன் அதைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்து பால்வாடிச் சுவரில் மாட்டினார். கார்பன் கூடிய இடங்கள் பச்சை, குறைந்த இடங்கள் சிவப்பு. சிவப்புக் கட்டம் ஒன்று சின்னதாக, தெளிவாக இருந்தது. அது யாருடையது என்று கேட்கத் தேவையில்லாமல் எல்லோரும் திரும்பி அஞ்சம்மாளைப் பார்த்தார்கள். அருகில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். ‘மனிதர்களால் ஏற்பட்ட காடழிவு’ என்று படித்தேன்.

“காடா?” என்றார் அஞ்சம்மாள். “நான் நட்டது, நான் தண்ணி ஊத்துனது. அது எப்ப காடாச்சி?”

“மேலயிருந்து பாக்கும்போது அப்படித்தாம்மா வகைப்படுத்துது. உங்க மேல தப்புன்னு அர்த்தமில்ல” என்றார் தேவநாதன்.

“அப்ப அந்தப் பச்சை இன்னாது?”

படத்தின் மேற்கு மூலையில் கரும்பச்சையாக ஒரு பெரிய கட்டம் இருந்தது. தெய்வசிகாமணி உப்பெடுக்காமல் போட்டுவிட்ட பழைய அளம். அதில் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்தது.

“ஐயாவோட நிலத்துல நல்லா கூடியிருக்கு” என்றார் பாதுகாப்புக் குழுவிலிருந்த ஒருவர். தெய்வசிகாமணி துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அஞ்சம்மாள் எழுந்து நின்றார். “நாலு வருசம் நான் கொடம் தூக்கி வளத்ததுக்குச் செவப்பு. அவரு சும்மா போட்டு வச்ச முள்ளுக்குப் பச்ச. என் மரம் எங்கயும் ஓடிப்போவல சார். என் தலைக்கு மேல நிக்குது. வந்து அளந்துக்கினு போ.”

“கூரையில இருக்கிற மரத்தைக் கோள் பாக்காதும்மா. இந்தக் கணக்குல அது வராது.”

“பாக்காதுன்னா அது எனக்கு இன்னாத்துக்குப் புத்தி சொல்லுது?”

“ஊருகிட்ட மன்னிப்புக் கேளு” என்றார் தெய்வசிகாமணி. “கன்னு நடுற வேல வருமா வராதான்னே தெரியல. கேட்டுட்டு நாளைக்கே பாத்திக்கு வந்துடு.”

ரேணுகா தலையைக் குனிந்துகொண்டு, “கேட்டுடு அக்கா, ஒரு வார்த்ததானே” என்றாள்.

“கேக்கமாட்டேன்.”

கன்று நடும் வேலை ஊருக்கு வரத்தான் செய்தது. அஞ்சம்மாளைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் முதல் பேருந்தைப் பிடித்து, தன்னை அறியாத வேறொரு முதலாளியின் அளத்தில் குறைந்த கூலிக்கு உப்பு வாரினார். அங்கே பாத்தியில் கங்காணி வாய் திறந்தால் பலகையை ஓங்குவதோடு அவர் நிறுத்தவில்லை என்று கேள்வி. கோபக்காரி என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது.

2006 மழைக்காலத்தின் தொடக்கத்தில் அதே அரை ஏக்கரில் புதிதாகச் சவுக்கு நட்டார்கள். கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. ஆய்வின் அடுத்த கட்டத்துக்காகத் தேவநாதனும் நானும் போனோம். இந்த முறை அவர் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“அம்மா, இந்தத் தோப்பை வளர வளர அளக்கணும். அனுமதி கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“வெட்டுற நாள யாரு சொல்லுவாங்க?”

தேவநாதன் தயங்கினார். “அது… படத்துக்கு ஏத்தமாதிரி கொஞ்சம் பேசி…”

“போயிட்டு வாங்க சார்.”

“கொஞ்சம் கேளுங்கம்மா…”

“முருகையா!” என்று அஞ்சம்மாள் நிலத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக் கத்தினார். கணவரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். “இவங்கள ரோடு வரைக்கும் கொண்டுபோய் வுட்டுட்டு வா. கன்னுமேல மிதிக்காம கூட்டிக்கினு போ.”

முருகையன் ஓட்டமாக வந்தார். நாங்கள் ரோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அஞ்சம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தேவநாதன் நின்ற வரப்பில் ஒரு முள்கிளையை இழுத்துப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்.