உழக்கால் அளந்த வெளிச்சம்

நூருல்லா பாய் இறந்த செய்தி வந்தபோது நான் வேறொருவருடைய படத்திறப்புக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். எல்.இ.டி. ஸ்கிரீனின் கடைசிப் பெட்டியைப் பொருத்தியதும் இறந்தவர் முகம் முழுதாக வந்தது. அப்போதுதான் போன் அடித்தது. பாயின் மகள் பரீதா.

"அத்தை, அத்தா மவுத்தாயிட்டாங்க."

"எந்த அத்தா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு ஒரே அத்தாதான். நிமிர்ந்தால், ஸ்கிரீனில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியை அவரிடம் கேட்டது போல இருந்தது.

ஒரத்தநாட்டு நூருல்லா பாயை நம் ஒலி ஒளித் தொழிலில் தெரியாதவர்கள் இல்லை. துபாயில் பெரிய கட்டடங்களில் ஸ்கிரீன் மாட்டிவிட்டு ஊர் திரும்பி, வாடகைக்கு ஸ்கிரீன் விடும் கடை வைத்தவர். நான் அஞ்சாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, கெட்டுப்போன விளக்குகளை மாற்றி ஈயம் பத்தவைக்க அவர் கடையில் சேர்ந்தேன்.

"வசந்தாக்கா, நீங்க வச்ச ஈயத்தைப் பிரிக்க ஜேசிபி வரணும்" என்பார்.

"ஸ்கிரீனுக்கு நீங்க எழுதற புரோகிராம் நின்னா யாரு பாய் வரணும்?"

"அதுக்கு அல்லாதான் வரணும்."

ஒரு விஷயம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாண வீட்டில் யாராவது போனை நீட்டினால் பாய் ஸ்கிரீனுக்குப் பின்னால் போய்விடுவார். "ஊரு மூஞ்சியெல்லாம் நான் காட்டறேன். என் மூஞ்சி எதுக்கு?" என்பார். அவர் வீட்டுச் சுவரிலும் படம் மாட்டும் வழக்கம் இல்லை.

அவரை மாற்றியது ஒரு படத்திறப்பு. வயலில் வேலை பார்த்துக் கறுத்த மனிதர், நாற்பதுகூட ஆகாதவர். வாய்க்கால் கரையோரம் ஸ்கிரீன் வைத்திருந்தோம். பொழுது சாய்ந்ததும் கண் கூசுகிறது என்றார்கள், வெளிச்சத்தைக் குறைத்தோம். குறைக்கக் குறைக்க அவர் முகம் போய்விட்டது. வெள்ளைச் சட்டை இருந்தது. விபூதிப் பட்டை இருந்தது. பல் சிரித்தது. நடுவில் முகம் இருந்த இடம் வெறும் குழி. வாய்க்கால் தண்ணீரிலும் அதே சட்டை தலைகீழாகச் சிரித்துக்கொண்டு நின்றது.

அவர் அம்மா எழுந்து வந்தார். "எம்புள்ள மூஞ்சி எங்கய்யா?" என்று பாயைக் கேட்டார். திட்டவில்லை. தொலைத்த பொருளைக் கேட்பது போலத்தான் கேட்டார்.  வண்டியில் திரும்பும்போது பாய், "அவர ரெண்டாவது தடவையா நான் சாகடிச்சிட்டேன்க்கா" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலைதான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஸ்கிரீனுக்குப் போகிற ஒயரில், ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு எரிய வேண்டும் என்பது எண்ணாகப் போகிறது. இவ்வளவு எண்தான் போகலாம், கூட்டினால் படம் திக்கும். அந்த எண்களை இருட்டிலிருந்து பளிச்சென்ற வெளிச்சம் வரை ஒரே இடைவெளியில் பிரித்துவைப்பதுதான் வழக்கம். பளிச்சென்ற இடத்தில் அடுத்தடுத்த ரெண்டு எண்ணுக்குக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இருட்டிலோ ஒரு எண் தாண்டினாலே கிணற்றில் விழுந்த மாதிரி. கறுத்த முகங்கள் அந்தக் கிணற்றில்தான் விழுந்துகொண்டிருந்தன.

"களத்துல நெல்லை எதால அளப்பீங்க?" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்.

"மரக்காலால."

"உலையில போடற அரிசிய?"

"உழக்கால."

"உலைக்கும் மரக்கால்தான்னு நின்னா?"

"ஒண்ணு பட்டினி கிடக்கணும், இல்ல ஊருக்கே சோறு போடணும்."

"அதேதான்க்கா! இந்த ஸ்கிரீன் இருட்டையும் மரக்காலால அளக்குது."

எண்களைக் கூட்டாமல், ஸ்கிரீனைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலில் எந்த அளவு என்று ஒரு குறி போகும், எண்கள் பிறகு போகும். வெள்ளைச் சட்டைக்கு மரக்கால், முகத்துக்கு உழக்கு. ஒயர் அதே ஒயர், விளக்கும் அதே விளக்கு.

வருஷத் திவசத்துக்கு அந்த வீட்டுக்கே கூலி வாங்காமல் கொண்டுபோய் வைத்தார். அதே கரை, அதே நேரம். வெளிச்சம் குறையக் குறைய முகம் மங்கியதே தவிரப் போகவில்லை. கன்னத்து மேடு, கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம் எல்லாம் நின்றது. நீருக்கடியிலிருந்து ஒருவர் பார்ப்பது போல இருந்தது.  அந்த அம்மா கிட்டே போய்க் கன்னத்தைத் தொட்டார். "சூடா இருக்கு" என்றார். விளக்குச் சூடுதான். யாரும் அதைச் சொல்லவில்லை.

பாய்க்கு அதுவும் போதவில்லை. பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு, கடையின் இருட்டைத் தன் கேமராவில் படம் எடுத்து வைத்திருந்தார். போனில் பார்த்தால் வெறும் கருப்பு. ஸ்கிரீனில் போட்டால் தரையில் கிடக்கும் ஒயர் சுருள்கள் வரை தெரியும், அதற்கு மேல் கருப்பு. "அந்தக் கருப்புலயும் ஏதோ இருக்குக்கா. அளக்கத்தான் நமக்குத் தெரியல" என்பார். அவர் போவதற்கு முதல் நாள் புரோகிராமைத் திருத்தி ஏற்றிவிட்டு, "நாளைக்கு அந்தப் படத்தைப் போட்டுப் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் போன அன்று சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. பெண்களோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பரீதா என் காதோரம் வந்தாள். "அத்தை, உங்ககிட்ட அத்தா போட்டோ ஒண்ணாச்சும் இருக்கா? பாஸ்போர்ட்டுல இருக்கறது யாரோ பையன். எனக்கு அந்த ஆளத் தெரியாது."

இல்லை என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் கடைச் சாமான்களைப் பார்க்க அவளோடு போனேன். பாய் சொன்ன வேலை பாக்கி நிற்கிறதே என்று அந்தக் கருப்புப் படத்தைப் போட்டேன். ஷட்டரை இறக்கி, வெளிச்சத்தைக் கடைசிப் புள்ளிவரை குறைத்தேன். முதலில் ஒயர் சுருள்கள். அப்புறம் என் ஸ்டூல். அப்புறம், இதுவரை ஒருநாளும் படத்தில் தெரியாத பின்சுவர்க் கண்ணாடி அலமாரி. அலமாரிக் கதவில் ஒரு தொப்பி, தாடி, நெஞ்சருகே கேமரா. படம் எடுத்தவர் கண்ணாடியில் விழுந்திருக்கிறார்.

 பரீதா ஸ்கிரீன் அருகே ஓடினாள். கிட்டே போனால் முகம் இருக்காது, விளக்குகள் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். நாலடி பின்னால் நகர்ந்தாள். அத்தா வந்தார்.

"அணைச்சிடுங்க அத்தை. அத்தாவுக்குப் புடிக்காது" என்றாள். நான் சுவிட்சில் கையை வைத்ததும், "இருங்க, இருங்க" என்றாள்.

அந்தப் படத்தை அவள் போனுக்கு அனுப்பினேன். அதில் வெறும் கருப்புதான் வந்தது. அவள் கேட்டுக்கொண்டபடி அந்த ஸ்கிரீன் பெட்டிகளை வாடகைக்கு அனுப்புவதில்லை.

ஊரில் எத்தனையோ பேர் முகத்தைத் திறந்துவைத்தவருக்குப் படத்திறப்பு இல்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம்தான். எந்த வீட்டு வாசலிலும் ஸ்கிரீனைக் குறைத்துக்கொண்டே வரும்போது, முழுக்க அணைவதற்கு முந்தின புள்ளியில் என் கை நின்றுவிடுகிறது. அங்கே ஆள் இருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.