ரப்பர் கால்சட்டையும் டிசம்பர் ஆறும்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் எனக்குக் கடைசிவரை பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. கதவு சற்றுத் திறந்திருந்தாலே குளிர் வருகிறதென்று எழுந்துபோய்ச் சாத்துகிறவர்கள், விடுமுறை நாளில் தாமாகவே போய் ஆற்றுக்குள் நிற்பார்கள். அறுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், அடுத்த மேசைக்காரரான ஹெர் ஹார்ட்மன் அப்படிப்பட்டவர். காலை வணக்கத்துக்கு மேல் என்னோடு பேசாதவர், டிசம்பரில் திடீரென்று, "சனிக்கிழமை எஷ பிடிக்க வருகிறீர்களா?" என்று கேட்டார். என் அரைகுறை ஜெர்மனுக்கு அது 'ஆஷ', அதாவது சாம்பல் என்று கேட்டது. சாம்பலை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று விளங்காமலே "யா, யா" என்று தலையாட்டினேன்.

எஷ என்பது ஒரு மீன் என்று ஆற்றங்கரையில் கார் நின்ற பிறகுதான் தெரிந்தது. கம்பளிக் காலுறை இரண்டு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை என்று ஹார்ட்மன் எனக்கு மாட்டிவிட்டார். கடைசியாக இடுப்பில் ஒரு வாரை இறுக்கிக் கட்டினார். கால்சட்டை நழுவாமலிருக்கத்தான் வார் என்று நினைத்தேன். மூச்சு முட்டியதால், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தளர்த்திக்கொண்டேன்.

தண்ணீர் எனக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் சித்தப்பா மகன் செல்வத்தோடு கடலில் கிடந்தே விடுமுறைகளைக் கழித்தவன். "எலேய், சும்மா கெட. தண்ணி தன்னால தூக்கும்ல" என்பான் அவன். தூக்கவும் செய்தது. அங்கே வெயிலிலிருந்து தப்பத்தான் தண்ணீருக்குள் ஓடுவோம். தண்ணீருக்குத் தப்பி எங்கே ஓடுவது என்று யோசிக்கும் தேவை எனக்கு அதுவரை வந்ததில்லை.

காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லிக் காட்டினார் ஹார்ட்மன். கொஞ்ச நேரத்தில் பாதத்துக்கு அடியில் இருப்பது மணலா கல்லா என்பதே தெரியவில்லை. பாசிக்கல் ஒன்று வழுக்கி விழுந்தேன். தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கத்தான் கட்டிய வார் தளர்ந்திருந்ததால், தண்ணீர் கால்வரை இறங்கியது. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. ஹார்ட்மன், "ரூக்கன்! ரூக்கன்!" என்று கத்தினார். எனக்குத் தெரிந்த சொல் 'சுரூக்', அதாவது திரும்பி வா. அவரிடம் திரும்பிப் போக ஓட்டத்தை எதிர்த்துக் கைகால்களை அடித்தேன். அடிக்க அடிக்க, "ரூக்கன்!" என்று இன்னும் உரக்கக் கத்தினார். வந்துகொண்டுதானே இருக்கிறேன், ஏன் திட்டுகிறார் என்று குழம்பியது நினைவிருக்கிறது. ரூக்கன் என்றால் முதுகு. மல்லாந்து படு என்றிருக்கிறார். அவரே இறங்கி வந்து, என் சட்டைக் கழுத்தைப் பிடித்து மல்லாத்தி, ஓட்டத்தோடு போகவிட்டு, ஆழமில்லாத இடத்தில் கரையேற்றியபோதுதான் அது புரிந்தது.

காருக்குள் ஈரத்துணி முழுவதையும் அவரே உரித்தார். உலர்ந்த கம்பளி உடை, தொப்பி, போர்வை, சர்க்கரை போட்ட சூடான தேநீர். பற்கள் கிட்டித்துக்கொள்ள, "ஷ்னாப்ஸ்?" என்று சாராயம் கேட்டேன். "நைன், கூடாது! இருக்கிற சூடும் போய்விடும்" என்றார். என் தொப்பியை முரட்டுத்தனமாகக் காதுவரை இழுத்துவிட்டார். அது பயமா, என்மேல் கோபமா என்று தெரியவில்லை. "நாக் ஹவுஸே?" என்று கேட்டார். வீட்டுக்கா? அந்தச் சொல்லுக்கு என் வாடகை அறை நினைவுக்கு வரவில்லை. தூத்துக்குடித் தெருதான் வந்தது. "ரொம்பத் தூரம்" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தம் வீட்டுக்கு வண்டியை விட்டார்.

அங்கே அவர் மனைவி என்னை இறகுப் போர்வைக்குள் கிடத்திச் சூப் ஊட்டினார். இரண்டாவது கிண்ணத்தை நீட்டியபோது, பாதித் தூக்கத்தில், "போதும்மா" என்றேன். அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "தாயைக் கூப்பிடுகிறான்" என்றார். பிறகு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊரில் காய் விற்கிறவரையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரையும் அப்படித்தான் அழைப்போம் என்று சொல்ல ஜெர்மன் வார்த்தைகளைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அந்த நேரத்தில் நான் எந்த அம்மாவைச் சொன்னேன் என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கண்களை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து போகவில்லை.